ஆர்.ஐ.க்கு வைத்த கோழிக் குழம்பு

1983-ம் வருடம், ஆனி மாதம். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மூத்த மகளுக்குக் கோவையில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்திருந்தது. கிணறு வற்றி, வெள்ளாமைக் காடு காய்ந்து கிடந்த சமயம். அரசு உதவித்தொகை வந்தால்தான் அவளை விடுதியில் சேர்க்க முடியும். இல்லாவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. எங்கள் வருமானம் குறைவுதானா என்று விசாரிக்க ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளர் நேரில் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்புவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. இருந்த ஒரே சேவலை அடித்துக் குழம்பு வைத்தேன். பக்கத்து வீட்டில் வெள்ளி டம்ளரும் மெத்தை வைத்த நாற்காலியும் இரவல் வாங்கினோம். அவர்கள் வாசல் குறுகல் என்பதால், அவர்களுடைய போர்வெல் லாரி எப்போதும் எங்கள் வாசலில்தான் நிற்கும். அன்றும் நின்றது.

ஆர்.ஐ. திருப்தியாகச் சாப்பிட்டார். பிறகு டம்ளரைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார்.

"நல்ல வசதியாத்தான் இருக்கறீங்க. இது இல்லாதவங்களுக்குக் குடுக்கற பணமுங்க" என்று பையை எடுத்தார்.

விருந்தாளியிடம் 'எங்களிடம் ஒன்றுமில்லை' என்று சொல்ல என் வீட்டுக்காரருக்கு நா எழவில்லை. எனக்கும்தான்.

அப்போதுதான் உள்ளேயிருந்து மகள் வந்தாள்.

"சார், லாரி பக்கத்து ஊட்டுதுங்க. நாற்காலியும் டம்ளரும்கூட அவங்களுதுதான். நீங்க வாரீங்கன்னு எங்கம்மா வாங்கியாந்தாங்க."

எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் எடுத்த பையைக் கீழே வைத்தார்.

"கோழியாச்சும் உங்களுதா அம்மிணி?"

"கோழி எங்களுதுதானுங்க. ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு."

அவர் சிரித்துவிட்டார். "அதையும் நானே தின்னுட்டனா?" என்றவர், என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "இந்த மவராசி பேசலைன்னா நான் போயிருப்பனுங்க. வாங்க, கெணத்தைக் காட்டுங்க."

வெயிலில் காடு முழுக்க நடந்தார். வறண்ட கிணற்றை எட்டிப் பார்த்தார். அங்கேயே வரப்பில் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

உதவித்தொகை கிடைத்தது. அவள் படித்து முடித்து வேலைக்கும் போனாள். மானம் போய்விடக் கூடாதென்று நாங்கள் பட்ட பாட்டில் அவள் படிப்பு போகப் பார்த்தது. இரண்டையும் காப்பாற்றியது அந்தப் பெண்ணின் நாலு வார்த்தை உண்மைதான்.