மைதானம் காட்டுக்குப் போன கதை

"மேற்படி விளையாட்டு மைதானத்தின் மண் காட்டில் கிடப்பதாகத் தாங்கள் தெரிவித்துள்ளதால், அம்மண்ணை எடுக்கும் முன் வனத்துறையின் தடையின்மைச் சான்று பெற்று இணைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

மலைக்குக் கீழே உள்ள ஓர் அலுவலகம், மலைமேல் உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்கு எழுதிய கடிதத்தில் வரும் வாக்கியம் இது. ஜெராக்ஸ் என்னிடம் இருக்கிறது. எண் இருக்கிறது, தேதி இருக்கிறது, முத்திரையும் இருக்கிறது. தேதி போடாமல் எழுதுவது எனக்கு உப்பில்லாமல் சாப்பிடுவது மாதிரி – இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆனாலும் இந்த வாரம் உப்பைக் குறைத்திருக்கிறேன். தேதியைப் போட்டால் கையெழுத்துப் போட்டவரைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். அவர் நல்ல மனிதர். தமிழ்தான் அவரைக் கைவிட்டுவிட்டது.

நடந்தது இதுதான். போன கார்த்திகை மழையில் மேல் ரோட்டுத் தண்ணீர் முழுவதும் பள்ளி மைதானத்தில் இறங்கியது. ஓரத்துக் கல்கட்டு உடைந்தது. மைதானத்தின் மேல்மண் மொத்தமாகக் கிளம்பி, கிளியூர்ப் பக்கம் சரிவில் இருக்கும் வெள்ளையனின் நிலத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மேலே மிச்சமிருந்தது பாறை.

மழை விட்டதும் பார்க்கப் போனேன். விளையாட்டு ஆசிரியை ஸ்டெல்லா டீச்சர் பாறைமேல் நின்றுகொண்டிருந்தார்.

"கிரவுண்டு எங்கீங்க டீச்சர்?"

"கீழ போயிருச்சுங்க. வெள்ளையன் அண்ணன் காட்டுல கெடக்குது."

ஏதோ கயிறு அவிழ்த்துக்கொண்டு போன ஆட்டைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

தலைமையாசிரியரும் சேலத்துக்காரர். அவரும் அறிக்கையில் அப்படியே எழுதிவிட்டார்: மைதானத்து மண் கீழே காட்டில் கிடக்கிறது, எடுத்து வந்து போட அனுமதியும் உதவியும் தேவை.

சேலத்துப் பக்கம் காடு என்றால் என்ன? மானாவாரி நிலம். அவரை, பீன்ஸ், காப்பி... எது விளைந்தாலும் அது காடுதான். "காட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று ஒருவர் சொன்னால் அவர் துறவறம் பூணவில்லை, களை எடுக்கப் போகிறார். ஆனால் அறிக்கையைப் படித்தவர் டெல்டாக்காரர். அவர் ஊரில் விளைகிற இடத்துக்குப் பெயர் வயல். காடு என்றால் யானை.

பழந்தமிழர் நிலத்தை ஐந்தாகப் பிரித்து, முல்லை என்றால் காடும் காடு சார்ந்த இடமும் என்றார்கள். மைதானமும் மைதானம் சார்ந்த இடமும் என்று ஆறாவதாக ஒன்றைச் சேர்க்காமல் விட்டார்கள். விளைவு இந்தக் கடிதம்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். நிர்மலா இல்லாவிட்டால்.

நிர்மலா செம்மநத்தத்துப் பெண். பள்ளியின் கோ-கோ அணித் தலைவி. அப்போது பிளஸ் ஒன். அடுத்த ஆண்டு குறுவட்டப் போட்டியில் ஜெயித்து மாவட்ட அளவில் ஆடினால், சேலத்தில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம் என்று ஸ்டெல்லா டீச்சர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். வேறு வழி வீட்டில் இல்லை. அவள் அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் சொல்லி, காப்பி பறிக்கிற ஆட்களோடு அவளுக்கும் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார். ஒதுக்கீடு இரண்டு பக்கமும் தயாராக இருந்தது.

பாறையில் பயிற்சி செய்து பார்த்தார்கள். முதல் வாரமே நிர்மலா விழுந்தாள். முழங்காலில் தையல்.

தலைமையாசிரியர் விளக்கக் கடிதம் அனுப்பினார். காடு என்று தாம் குறிப்பிட்டது வனத்தை அல்ல, அங்கே விவசாயம் நடக்கிறது என்று. தெளிவாகத்தான் எழுதியிருந்தார். பதிலும் தெளிவாக வந்தது: "காட்டில் விவசாயம் நடப்பது தங்கள் கடிதத்தின் மூலம் தெரியவருகிறது. ஆக்கிரமிப்பாளரின் பெயர், முகவரியை உடனே தெரிவிக்கவும்."

சேதி எப்படியோ கிளியூருக்குப் போய்விட்டது. மறுநாள் வெள்ளையன் பட்டாவைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு பள்ளிக்குத் தலைமையாசிரியரைப் பார்க்க வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"ஏனுங்க சார், எங்கப்பன் காலத்துக் காட்ட நான் ஆக்கிரமிச்சிருக்கேனாமுங்க?"

"உங்களச் சொல்லலீங்க வெள்ளையன். அவங்க தப்பா..."

"ஆக்கிரமிச்சது உங்க கிரவுண்டுங்க. கேக்காம கொள்ளாம வந்து என் காட்டுல படுத்துக்கிச்சு. ஒரு முகவரி எழுதோணும்னா பள்ளிக்கூடத்து முகவரிய எழுதுங்க."

தலைமையாசிரியர் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தார். ஸ்டெல்லா டீச்சர் முந்திக்கொண்டார். "அப்ப மண்ண எடுத்துக்கறோமுங்ணா. பொண்ணுங்களே கூடையில சுமந்துருவாங்க."

"இப்ப எடுக்க முடியாதுங்க டீச்சர்."

"ஏனுங்ணா?"

வெள்ளையன் கொஞ்சம் தரையைப் பார்த்தார். "பீன்ஸ் போட்டுட்டனுங்க."

வண்டல் மண். இறைக்காமலே ஈரம் நின்றதாம். செடி நொம்ப நல்லா வந்திருக்கு என்றார், குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில்.

"எங்க மண்ணுங்ணா அது."

"பத்திரம் வெச்சிருக்கீங்களா டீச்சர்?"

இந்த நாட்டில் மண்ணுக்குப் பத்திரம் உண்டா? நிலத்துக்கு உண்டு. மண் இடம் மாறினால் அது யாருடையது? பெரிய வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு யோசிக்க வேண்டிய கேள்வி. ஸ்டெல்லா டீச்சர் கட்டணமில்லாமல் தீர்த்தார்.

"பத்திரம் இல்லீங்க. மண்ணு அங்கயே கெடக்கட்டும். பீன்ஸ் பறிச்சதும் நாங்க அங்க வந்து ஆடிக்கறோம்."

"காட்டுலயா?"

"கிரவுண்டு எங்க இருக்குதோ அங்கதானுங்க ஆடோணும்."

வெள்ளையன் முடியாது என்றுதான் சொன்னார். பெண் பிள்ளைகள் ஓடினால் வரப்பு நிற்காது, அடுத்த பட்டத்துக்கு உழ வேண்டும், ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்... காரணங்கள் அடுக்கினார். வாசலில் நிர்மலா நின்றுகொண்டிருந்தாள். முழங்காலில் கட்டு.

"என்ன கண்ணு காலுல?"

"உங்க காட்டுக்கு வந்த மண்ணு இங்க இருந்திருந்தா இது இல்லீங்க மாமா," என்றாள் அவள்.

வெள்ளையன் பட்டாவை மடித்துக் கவரில் வைத்தார். "மண்ணு போனாலும் வாயி மட்டும் கீழ போகல," என்று ஸ்டெல்லா டீச்சரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சித்திரையில் பறிப்பு முடியும் என்று தகவல் போலச் சொல்லிவிட்டுப் போனார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பள்ளி திறந்ததும் பயிற்சி அங்கே தொடங்கியது. வெள்ளம் நிரவிக் கொடுத்த தட்டு நிலம். எந்த ஒப்பந்ததாரரும் இவ்வளவு சமமாக நிரவியிருக்க மாட்டார். விழுந்தாலும் அடிபடவில்லை. சாயங்காலம் வகுப்பு விட்டதும் சரிவில் இறங்குவார்கள். செம்மநத்தத்துக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க நிர்மலா மட்டும் முன்னதாக ஏறி ஓடுவாள். அதுவும் பயிற்சிதான் என்பார் டீச்சர்.

கோப்பு சும்மா இருக்குமா? ஒருநாள் வனவர் வந்தார். காட்டை ஆய்வு செய்து அறிக்கை தரும்படி அவருக்குக் கடிதம் போயிருந்தது. வந்தவர் வரப்பில் நின்று பார்த்தார். எதிரே பெண்கள் முதுகும் முகமுமாக மாறி மாறி உட்கார்ந்திருக்க, ஒருத்தி இன்னொருத்தியின் முதுகில் தட்டி "கோ" என்றாள்.

"இங்க ஏதாச்சும் மரம் வெட்டினீங்களா?" என்று கேட்டார், கேட்க வேண்டுமே என்பதற்காக.

"வெட்டலீங்க சார். ரெண்டு நட்டிருக்கோம்," என்றார் ஸ்டெல்லா டீச்சர், இருபுறமும் நின்ற கம்பங்களைக் காட்டி.

வனவர் ஆட்டம் முடியும்வரை இருந்துவிட்டுத்தான் போனார். இது பட்டா நிலம், வனம் அல்ல என்று அறிக்கையும் அனுப்பிவிட்டதாக அவரே என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு கீழேயிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. வனம் இல்லை என்றால் தடை இல்லை. தடை இல்லை என்றால் தடையின்மைச் சான்று தர முடியாது. சான்று இல்லாமல் கோப்பு நகராது. யார்மேல் தப்பு? யார்மேலும் இல்லை. நம் அலுவலகங்களில் எவரும் தப்பே செய்யாமல் ஒரு வேலையை முழுதாக நிறுத்திவிட முடியும். இதைச் சாதாரணத் திறமை என்று நான் நினைக்கவில்லை.

ஆடி மாதம் குறுவட்டப் போட்டி. இறுதி ஆட்டத்தில் எங்கள் பெண்கள் ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள். அந்த ஒரு புள்ளி, நிர்மலா கம்பத்தை ஒட்டிப் பாய்ந்து, முழங்கால் தரையில் தேய விழுந்து தொட்டது. ஆறு மாதம் முன்பு அதே காலில் தையல் போட்ட பெண். விழப் பயந்திருந்தால் அந்தப் புள்ளி இல்லை.

மாவட்டப் போட்டி இனிமேல்தான். அதற்குள் வெள்ளையன் அடுத்த வெள்ளாமையைத் தொடங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டு, கவலையோடு போன ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். தட்டு முழுக்க முட்டைக்கோஸ் நாற்று. நடுவில் மட்டும் நீளச் சதுரமாக ஓர் இடம், ஒரு நாற்றும் இல்லாமல், துடைத்து விட்டது போல.

"இத ஏனுங்க விட்டுட்டீங்க?"

"தண்ணி வடியறதுக்குங்க," என்றார் வெள்ளையன், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்த இடம் சரிவுக்குக் குறுக்கே கிடக்கிறது. அதன் வழியாகத் தண்ணீர் எப்படி வடியும் என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.