அய்யனாருக்குக் கொடுத்த பல்சக்கரம்

எங்கள் காருக்கு ஒரு வியாதி இருந்தது. எங்கள் காருக்கு மட்டும் வந்த வியாதி அல்ல, அந்த வருஷம் அந்த மாதிரியில் செய்த கார்கள் எல்லாவற்றுக்கும் அது இருந்தது என்று பின்னால் தெரிந்தது. இஞ்சினுக்குள் ஒரு பல்சக்கரம், சின்னத் தாம்பாளம் அகலம் இருக்கும். இரும்பில் செய்தால் இரைகிறது என்று துணியை அடுக்கடுக்காக வைத்து அழுத்திக் கம்பெனிக்காரன் அதைச் செய்திருந்தான். இரையவில்லை என்பது உண்மைதான். ஒருநாள் சத்தமே இல்லாமல் பல்லெல்லாம் உதிர்ந்து நின்றுபோனது.

யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம் அது. புதுக்கோட்டை அப்போது சமஸ்தானம். அப்பா ஒரு பெரிய வீட்டில் பத்து வருஷம் டிரைவராக இருந்தார். அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள்கூட அவரை 'வாடா போடா' என்றுதான் கூப்பிடும். ஒருநாள் காக்கிக் கோட்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, சொந்தமாகக் கார் வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தார். அம்மாவின் நகைகள் அந்தக் காரில்தான் போயின. அப்போது எனக்கு எட்டு வயது. நகையோடு இருந்த அம்மாவைவிடக் கார்தான் அழகு என்று நினைத்தேன், அதை அம்மாவிடமே சொல்லியும் இருக்கிறேன். அவள் சிரித்தாள்.

ஐப்பசி மழையில் கீரனூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அப்பா ஓட்ட, பின்னால் நானும் அம்மாவும், அம்மா மடியில் தம்பியும். திருக்கோகர்ணத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு இன்னும் ஒரு மைல்கூட இல்லை. கண்மாய்க்கரை அய்யனார் கோவிலுக்கு நேர் எதிரே கார் நின்றுவிட்டது. அப்பா என்னென்னவோ செய்து பார்த்தார். பிறகு காரை இழுக்க மாடு ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க மழையில் முன்னால் நடந்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஐம்பது அடி தள்ளி இருந்த வாய்க்கால் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. கார் நிற்காமல் இருந்திருந்தால், மழை மறைப்பில் நாங்கள் நால்வரும் நேரே அதற்குள் போயிருப்போம்.

தண்ணீர் வடிந்த பிறகு, வெளிநாட்டுக் கார் உள்ளூர் மாடுகள் இரண்டின் பின்னால் பணிவாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது. டவுனிலிருந்து வந்த மெக்கானிக், பல் போன சக்கரத்தை வெளியே எடுத்துக் காட்டினார். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பெனிக்காரன் துணியில செஞ்சு ஏமாத்திப்புட்டான்" என்றார் அப்பா.

"கம்பெனிக்காரனா நிப்பாட்டுனான்? அய்யனாருல்ல அத்தனை பல்லையும் புடுங்கி நம்மளக் காப்பாத்துச்சு. அதைக் கொடுங்க, அவருக்கே போட்டுட்டு வாரேன்."

இனி ஒன்றுக்கும் உதவாது, எடுத்துக்கொள் என்று அப்பாவே தன் கையால் துடைத்துக் கொடுத்தார். அம்மா தம்பியின் தொட்டில் சேலையில் சிவப்புக் கரையோடு ஒரு முழம் கிழித்து மஞ்சளில் நனைத்தாள். நானும் கூடப் போனேன். கோவிலில் வரிசையாக மண் குதிரைகள். அவற்றில் உயரமான ஒன்றின் பீடத்தில் ஏறி, எட்டி, அதன் கழுத்தில் சக்கரத்தை அந்தத் துணியால் கட்டினாள். குங்குமம் வைத்தாள். பக்கத்துக் குதிரைகளுக்கெல்லாம் மணிதான், எங்கள் குதிரைக்கு மட்டும் பல்சக்கரம் என்று எனக்கு ஒரே பெருமை.

அப்பா திருச்சியில் இருந்த கார்க் கம்பெனி ஏஜெண்டுக்கு ஏற்கெனவே எழுதிப் போட்டிருந்தார். கார்த்திகையில் பதில் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொன்னார். அந்தச் சக்கரத்தின் குறை கம்பெனிக்குத் தெரிந்ததுதானாம். காரண்டி வருஷத்துக்குள் வந்தால் புதிதாக, உறுதியானதாகச் செய்த வேறு சக்கரம் இலவசமாகக் கிடைக்கும். ஒரே ஒரு நிபந்தனை. நம்பர் பொறித்த பழைய சக்கரத்தைக் கையோடு கொண்டுவந்து ஒப்படைக்கவேண்டும். எங்கள் காரண்டி தை பிறந்தால் முடிகிறது.

அப்பா கடுதாசியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். போய் அவிழ்த்துக்கொண்டு வருகிறேன் என்றார். அம்மா ஒப்பவில்லை.

"சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுக்குறதா? ரெண்டு பிள்ளைங்க இருக்குங்க நமக்கு."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். கோபித்துக் கத்தியிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். பிறகு திருச்சிக்கு இரண்டு தரம் ரயிலில் போய்க் கெஞ்சிப் பார்த்தார். சக்கரம் சாமியிடம் இருக்கிறது என்று அங்கே போய் எப்படிச் சொல்வது? தொலைந்துவிட்டது என்றார். தொலைந்ததற்குக் காரண்டி இல்லை என்றார்களாம். விலைக்கு வாங்கலாம் என்றால் கப்பலில் வரவேண்டும், எத்தனை மாதமோ தெரியாது. கார் வேப்பமரத்தடியில் நின்றது, கோழிகள் அதன் அடியில் குடியேறின. தம்பியின் நடைவண்டி ஒன்றுதான் எங்கள் வீட்டில் ஓடிய வாகனம்.

மார்கழியில் ஒருநாள் பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தது. பழைய வேலை காலியாக இருக்கிறதாம். மறுநாள் காலையில் அப்பா பெட்டியிலிருந்து காக்கிக் கோட்டை எடுத்து உதறிக் கொடியில் போட்டார். அம்மா அடுப்படி வாசலில் நின்று அதைப் பார்த்தாள். அன்று அவள் சோறு தின்னவில்லை. எனக்கும் அந்தக் கோட்டைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அப்பாவை யாரோ 'டேய்' என்று கூப்பிடுவது காதில் கேட்பது போலவே இருந்தது. சக்கரத்தை நானே எடுத்துவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். ஆனால் குதிரையின் கழுத்து எனக்கு எட்டாது. அந்தக் கோவிலுக்குப் பிள்ளைகள் தனியாகப் போகவும் கூடாது.

நாலைந்து நாள் கழித்து அம்மாவே என்னைக் கூப்பிட்டாள். கையில் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொடுத்தாள்.

"தம்பி தூங்குறான், விட்டுட்டு வரமுடியல. நீ போயி அய்யனாரு வெளக்குக்கு எண்ணெய் ஊத்திட்டு வா ஆத்தா. பயப்படாம போ."

எனக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். சாமியை வெறுங்கையோடு விடக்கூடாது என்று, நடைவண்டியின் முன்சக்கரத்தைக் கழற்றிப் பாவாடைக்குள் சொருகிக்கொண்டு ஓடினேன். போனால், குதிரையின் கழுத்து காலியாக இருந்தது. பல்சக்கரம் கீழே, பீடத்தின் ஓரத்தில், என் கைக்கு எட்டும்படி சாய்த்து வைத்தாற்போல இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அய்யனாரே குனிந்து இறக்கி வைத்திருக்கிறார் என்று நம்பினேன். மரச் சக்கரத்தை அங்கே வைத்தேன், மூன்று தரம் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். எண்ணெய் ஊற்ற மறந்துவிட்டேன்.

காரின் சீட்டுக்கு அடியில், சாமான் பையில் அதைப் போட்டேன். மறுநாள் அப்பா எதற்கோ பையைத் திறந்தார். குங்குமம் அப்பிய சக்கரத்தை எடுத்து, வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். துண்டில் சுற்றிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் புதுச் சக்கரத்தோடு வந்தார். ஏஜெண்டு நம்பரைப் பார்ப்பதற்குக் குங்குமத்தைச் சுரண்டிக்கொண்டே இது என்ன என்று கேட்டாராம். எங்கள் ஊரில் கெட்டுப்போன சாமானையும் கும்பிட்டுத்தான் அனுப்புவோம் என்று அப்பா சொன்னாராம். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் வீட்டில் எல்லோரும் சிரித்தோம். காக்கிக் கோட்டு பெட்டிக்குள் போனது.

எனக்கு மட்டும், சாமியிடமிருந்து எடுத்ததற்குக் கண் போய்விடும் என்று பயம். இரண்டு நாள் கழித்துப் பொறுக்கமுடியாமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் அதட்டவில்லை. நடைவண்டிக்கு முன்சக்கரம் எங்கே போனது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. திருநீறு எடுத்து என் நெற்றியில் பூசினாள்.

"ஒனக்கு ஒண்ணும் வராது ஆத்தா. வந்தா எனக்குத்தான் வரும்."

அம்மாக்கள் எதற்கெடுத்தாலும் சொல்கிற பேச்சுதான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அம்மா சாகும்வரை வெள்ளிக்கிழமைகளில் சாப்பிடவில்லை. யாருக்காக என்று கேட்டால் அய்யனாருக்கு என்பாள்.

எனக்குப் பெண் பிறந்து, அவளுக்குத் தொட்டில் கட்ட அம்மாவின் பழைய சேலையை நான் கிழித்தபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அன்று எண்ணெய்க் கிண்ணத்தோடு நான் வாசலைத் தாண்டும்போது, முந்தின வாரம் கோட்டு தொங்கிய கொடியில் சிவப்புக் கரை போட்ட ஒரு முழ மஞ்சள் துணி காய்ந்துகொண்டிருந்தது. முடிச்சு அவிழ்த்த சுருக்கம் அதில் இன்னும் இருந்தது. அது முகத்தில் இடிக்காமல் குனிந்து, அதற்கு அடியிலேயே புகுந்துதான் நான் கோவிலுக்கு ஓடினேன்.