ஹில்க்காவும் உறைந்துபோன கருப்புத் திரையும்

எங்கள் அலுவலகத்தில் ஒரு நிரலுக்கு ஹில்க்கா என்று பெயர். அதை எழுதியவளுக்கும் அதே பெயர். விமானத்திலிருந்து லேசர் வீசி எடுத்த அளவுகளைப் படித்து, எந்தக் காட்டில் எவ்வளவு பைன் மரம், எவ்வளவு பிர்ச் மரம், எவ்வளவு உயரம் என்று கணக்கிட்டுச் சொல்லும் நிரல். பனி மூடும் எங்கள் யோயென்சூ வட்டாரத்தில் காடு வைத்திருப்பவர்கள் மரம் வெட்டுவதற்கு முன் எங்களிடம்தான் கேட்பார்கள். "ஹில்க்காவை ஓட விட்டாச்சா?", "ஹில்க்கா இன்னும் முடிக்கலையா?" என்று நாள் முழுக்கப் பேச்சு நடக்கும். எந்த ஹில்க்காவைச் சொல்கிறார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஹில்க்கா தோய்வனென் என்பது அவள் முழுப்பெயர். ஆற்றில் மரக்கட்டை மிதக்க விட்டவரின் மகள். வரைபடத்தைக் கையால் வரைந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். கணினி வந்தபோது மற்றவர்கள் முனக, அவள் மட்டும் புத்தகம் வாங்கி வந்து சாப்பாட்டு நேரத்தில் படித்தாள். அதிகம் பேசமாட்டாள். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பக்கத்துக் கரேலிய அடை சுட்டு, முட்டை மசித்துக் கலந்த வெண்ணெயோடு கொண்டுவருவாள். எங்களில் யாருடைய கணினி மக்கர் பண்ணினாலும் அவள் மேஜைக்குத்தான் ஓடுவோம். அவள் எழுந்து வரும் தோரணையே தனி. எதிர் மேஜையிலிருந்து அதைப் பல வருடம் பார்த்தவள் நான்.

பிறகு ஓவுலு நகரத்திலிருந்து வென்லா வேலைக்கு வந்தாள். அவள் எழுதிய புது நிரல், ஹில்க்கா ஒரு நாள் முழுக்கச் செய்வதைச் சில மணி நேரத்தில் முடித்தது. காப்பி மேஜையில் எங்கள் மேலாளர் இல்போ எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"ஹில்க்கா ரொம்ப மெதுவா ஓடுது. வயசாயிடுச்சு. இனிமே ஹில்க்காவை நிறுத்திடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் காப்பியில் பால் ஊற்றிக்கொண்டிருந்த ஹில்க்காவும் சிரித்தாள். மேஜைக்குத் திரும்பியதும் அறையின் சூடாக்கி சரியாக வேலை செய்யவில்லை என்று அதைத் திட்டினாள். அது நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

அதன்பின் கணினி மக்கர் பண்ணியவர்கள் வென்லாவிடம் போனார்கள். ஹில்க்காவின் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவளைப் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டார்கள். வென்லாவின் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டால் ஹில்க்காவின் விரல்கள் விசைப்பலகையில் நின்றுவிடும். வெள்ளிக்கிழமை அடையும் நின்றது. அதற்குப் பதில் வென்லா ஏலக்காய் போட்ட இனிப்பு ரொட்டி சுட்டு வந்தாள்.

"எப்படி இருக்கு, ஹில்க்கா?" என்று வென்லா கேட்டாள்.

"ஏலக்காய் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவள் இரண்டாவதையும் எடுத்துக்கொண்டாள்.

குளிர் இறுகியபோதுதான் அந்தப் பிரச்சனை ஆரம்பித்தது. புது நிரல் மூலை அறையிலிருந்த பெரிய கணினியில், ஒரு கருப்புத் திரையில் ஓடும். முடித்த ஒவ்வொரு காட்டுத் துண்டுக்கும் ஒரு வெள்ளை வரி எழுதிக்கொண்டே போகும். திடீரென்று அது பாதியில் நிற்கத் தொடங்கியது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. அப்படியே உறைந்து நிற்கும். வென்லா தன் மேஜையிலிருந்து பார்ப்பாள், புதிய முடிவு எதுவும் வந்திருக்காது. அங்கிருந்தே அதை அணைத்துவிட்டு, மூலை அறைக்குப் போய் முதலிலிருந்து ஓட விடுவாள்.

நினைவகம் போதவில்லையோ என்று கூட்டிப் பார்த்தாள். வன்தட்டை மாற்றினாள். கணினி தூங்கப் போகாதபடி அமைப்பை மாற்றினாள். வைரஸ் தடுப்பை அணைத்தும் பார்த்தாள். அவளுடைய சொந்தக் கணினியில் அதே நிரல் ஒரு தடவைகூட நிற்கவில்லை. மூலை அறையிலும் சனி ஞாயிறில் ஒழுங்காக ஓடியது.

"லீவு நாள்ல உழைக்குது, வேலை நாள்ல படுத்துக்குது" என்றார் இல்போ. "அரசாங்கத்துல சேர்த்துவிடலாம் போல."

வென்லா சிரிக்கவில்லை. அவள் கண்களுக்குக் கீழே கருமை படர்ந்திருந்தது. ஹில்க்காவோ அந்த வாரம் எல்லோருக்கும் காலை வணக்கம் சொன்னாள்.

அந்த நாட்களில் அவள் அடிக்கடி மூலை அறைக்குப் போனாள். அச்சுப் பொறிக்குத் தாள் எடுக்கப் போவதாகச் சொல்லிக்கொள்வாள். உண்மையில் அந்தக் கருப்புத் திரையைப் பார்க்கத்தான் போனாள்: நின்றுவிட்டதா, எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, இன்றைக்கும் தோற்குமா. கணினியில் திறந்திருக்கும் வேறு ஜன்னல்கள் அதைப் பாதி மறைத்திருக்கும். சுட்டியால் அதன்மேல் ஒரு சொடுக்கு சொடுக்கி முன்னால் கொண்டுவருவாள், கடைசி வரியைப் படிப்பாள், வந்துவிடுவாள்.

ஒரு மதியம் வென்லா கூட்டத்தில் இருந்தாள். ஹில்க்கா வழக்கம்போல் சொடுக்கிவிட்டு, அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். அடுத்த வரி வரவில்லை. திரையின் தலைப்பைப் பார்த்தாள். நிரலின் பெயருக்கு முன்னால் 'தேர்வு' என்று புதிதாக ஒரு சொல் நின்றது. எதற்கோ என்டர் விசையைத் தட்டினாள். அந்தச் சொல் மறைந்தது. வரிகள் மடமடவென்று கொட்டின. மறுபடி சொடுக்கினாள், நின்றது. என்டர் தட்டினாள், ஓடியது.

அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ நகலெடுக்க எழுத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று அந்த ஜன்னல் எடுத்துக்கொள்கிறது. தேர்ந்தெடுத்து முடியும்வரை புது வரியை எழுத விடாது. வரியை எழுத முடியாத நிரல் அப்படியே காத்துக்கிடக்கிறது. இத்தனை நாளும் அதை நிறுத்தியது தன் கைதான். பொறாமை பொறுக்காமல் எட்டிப் பார்த்த ஒவ்வொரு தடவையும்.

அன்று ஓடவிட்டு வந்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது.

"ஓடிடுச்சு!" வென்லா கைகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "என்ன பண்ணினேன்னு எனக்கே தெரியல, ஆனா ஓடிடுச்சு!"

ஆட்கள் அவளைச் சுற்றிக் கூடினார்கள். இல்போ கேக் வாங்கிவர ஆள் அனுப்பினார். ஹில்க்காவுக்கும் ஒரு துண்டு வந்தது. அவள் அதைத் தொடவில்லை.

மறுநாள் காலை மூலை அறைக்குப் போய், கருப்புத் திரையின் நடுவில் சொடுக்கிவிட்டு வந்தாள். இந்தத் தடவை தெரிந்தே. பின்னால் ஒரு நாள் இதையெல்லாம் அவளே என்னிடம் சொன்னாள். "கை தானா போச்சுன்னு சொல்ல மாட்டேன். நான்தான் கொண்டுபோனேன்" என்றாள்.

நிரல் நின்றது. வென்லா கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்தாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. இல்போவுக்கும் பொறுமை போய்விட்டது.

"பழசையே ஓட விடுவோம். மெதுவா போனாலும் போய்ச் சேரும். ஹில்க்கா, நீயே எடுத்துக்கோ."

அவள் காத்திருந்த வார்த்தை அது. அந்த வாரம் காட்டுச் சொந்தக்காரர்கள் சங்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். இல்போ அவர்களை மூலை அறைக்கு அழைத்துப்போனார். நாங்களும் பின்னால் நின்றோம். கருப்புத் திரையில் ஹில்க்கா நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

"இதான் எங்க ஹில்க்கா. இத்தனை வருஷத்துல ஒரு தடவை நின்னதில்ல. இந்த வரியைப் பாருங்க, உங்க ஏரிக்கரைக் காடு" என்று காட்டுவதற்காக இல்போ அந்த வரியின்மேல் சுட்டியைச் சொடுக்கினார்.

திரை உறைந்தது. காத்திருந்தோம். சங்கத்துக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"இதுவுமா?" என்றார் இல்போ. "ஹில்க்கா, உன்னோடதும் போச்சா?"

பேசாமல் இருந்தால் அவளுடைய நிரலும் கெட்டது என்றாகும். சொன்னால் எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பார்கள். ஹில்க்கா முன்னால் வந்து என்டரைத் தட்டினாள். வரிகள் கொட்டின.

"நிரல்ல ஒண்ணும் இல்ல. வென்லாவோடதுலயும் ஒண்ணும் இல்ல. ஜன்னல் மேல சொடுக்கினா நின்னுடும், அவ்வளவுதான். நான்தான் வந்து வந்து சொடுக்கினேன். முதல்ல தெரியாம. கடைசியா ஒரு தடவை தெரிஞ்சே."

வென்லா மேலங்கியைக்கூட எடுக்காமல் வெளியே போனாள். ஹில்க்கா இரண்டு மேலங்கிகளையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். வண்டி நிறுத்தும் இடத்தில், பனி ஒதுக்கிய மேட்டுக்குப் பக்கத்தில் வென்லா நின்றிருந்தாள். என்ன ஆகிறதோ என்று நான் அறை ஜன்னலைத் திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"எனக்கு இந்த வேலை வராதுன்னு எங்கம்மாகிட்ட சொல்லி அழுதேன். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. இதைப் போட்டுக்கோ."

"ஏன் அப்படிப் பண்ணினீங்க?"

"பொறாமை" என்றாள் ஹில்க்கா. "வேற ஒரு காரணமும் இல்ல. தேடிப் பாத்துட்டேன்."

வென்லா மேலங்கியை வாங்கிக்கொண்டாள். "எனக்கு மட்டும் பொறாமை இல்லையா? வந்த நாள்லேர்ந்து ஹில்க்கா ஹில்க்கான்னு உங்க பேர்தான் காதுல விழுது. நான் எழுதினதுக்கு அவங்க வெச்ச பேர் என்ன? புதுசு. வெறும் புதுசு."

இரண்டு பேரும் தனித்தனியாக உள்ளே வந்தார்கள். இல்போ ஹில்க்காவை அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். வெகுநேரம் கழித்து அவள் காது சிவக்க வெளியே வந்தாள்.

அந்த ஜன்னலின் அமைப்பில் ஒரு டிக் குறியை எடுத்துவிட்டால் சொடுக்குவதால் நிற்காது. அதை ஹில்க்கா எல்லாக் கணினியிலும் எடுத்துவிட்டாள். வரிகள் ஒரு கோப்பிலும் தனியாகப் பதிவாகும்படி வென்லா மாற்றினாள். புது நிரலே மறுபடி வேலைக்கு வந்தது. பனி உருகும்வரை வென்லா அவளிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு ஒரு காலை, ஹில்க்காவின் மேஜையை மூலை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனவள் வென்லாதான். பழைய நிரலுக்குத் தெரிந்த ஆஸ்பென் மரம் புதியதற்குப் பிடிபடவில்லை, பிர்ச்சோடு சேர்த்து எண்ணியது. அதைச் சரிசெய்ய ஹில்க்கா வேண்டியிருந்தாள்.

"இங்கேயே உக்காருங்க" என்றாள் வென்லா. "நீங்க எட்டிப் பாக்கிறதுக்கு, கூட உக்காந்து பாக்கிறது எவ்வளவோ மேல்."

இப்போதும் வென்லாவை யாராவது புகழ்ந்தால் ஹில்க்காவின் முகம் ஒரு கணம் இறுகும். வென்லா அதைக் கவனித்துவிடுவாள். "வந்துடுச்சா?" என்று மெதுவாகக் கேட்பாள். "வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு ஹில்க்கா வேலையைப் பார்ப்பாள்.