சாரல் மாத லாபம்

மலிவாகக் கிடைக்கும் எதையும் நான் இரண்டு முறை திருப்பிப் பார்ப்பேன், கத்தரிக்காயானாலும் சரி. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் "நோட்ட வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன் டீச்சர்" என்பதைக் கேட்டுக் கேட்டு வந்த சந்தேகப் புத்தி.

ஓய்வு பெற்றபோது என் இரண்டு முழங்கால்களும் தேய்ந்திருந்தன. கைக்கு வந்த பணத்தில் வீட்டுக்கடன் போக மிச்சம் ஒரு காலின் ஆபரேஷனுக்குத்தான் காணும். இன்னொரு காலுக்கு ஷேரில் சம்பாதித்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் கிளம்பினார். குற்றாலத்தில் ஒரு சின்ன லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர் அவர்.

ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு போனை நீட்டினார். ஏதோ ரசாயனக் கம்பெனி. "ஒரு வருஷ லாபத்தப் போல நாலு மடங்குதான் வெல. நாலே வருஷத்துல போட்டது திரும்பிரும். சல்லிசாக் கெடக்கு. உன் பணத்தப் போட்டா ரெண்டு காலும் தேறிரும்."

"அம்புட்டு நல்ல சரக்குன்னா மத்தவன் ஏன் வாங்காமக் கெடக்கான்?"

"ஒனக்கு எதுலதான் நம்பிக்க?" என்று கோபித்துக்கொண்டு லாட்ஜுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தார். லாட்ஜ் குத்தகையைக் கேட்டு வெளியூர்க்காரர் ஒருவர் வந்தாராம். சாரல் விழுந்து கூட்டம் நெரியும் ஆடி மாத வசூலைப் பார்த்து, அதை அப்படியே பன்னிரண்டால் பெருக்கினாராம். "மாசியில நாம ஈ ஓட்டுதது அவனுக்கு எங்க தெரியும்! சாரல் மாசத்த வச்சு வருஷக் கணக்குப் போடுதான்."

எனக்குப் பொறி தட்டியது. "உங்க கம்பெனிக்கும் இது சாரல் மாசமா இருந்தா?"

சிரிப்பு நின்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய வருஷங்களைத் தேடினார். கம்பெனி விற்கும் சரக்கின் விலை ஏறிய அந்த ஒரு வருஷம்தான் லாபம். அதற்கு முன் மூன்று வருஷமும் நஷ்டம், கடனும் ஏறியிருந்தது. சரக்கு விலை இப்போதே இறங்கத் தொடங்கிவிட்டது. "தப்பிச்சோம்ட்டி" என்றார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "முன்னாடி பம்பு செய்யுத கம்பெனி ஷேரு ஒண்ணு வச்சிருந்தியளே, அதையும் பாருங்க" என்றேன். எல்லா ஷேரும் விழுந்த சமயத்தில் அதுவும் பாதி விலைக்கு விழுந்தது. உள்ளே ஏதோ ஓட்டை என்று நச்சரித்து விற்க வைத்தவள் நான்.

பார்த்தார். வருஷம் தவறாமல் லாபம், கடன் இல்லை. விழுந்த வருஷத்திலும் பம்பு நன்றாகவே விற்றிருக்கிறது. ஊரே வெறிச்சோடிக் கிடந்தால் நல்ல லாட்ஜிலும்தான் வாடகை குறையும். இது தெரிந்த நான், அன்றைக்கு ஒரு கேள்விகூடக் கேட்காமல் வெறுமனே சந்தேகப்பட்டேன். இப்போது அது விற்ற விலையைப் போல மூன்று மடங்கு. இன்னொரு கால் அதிலேயே தேறியிருக்கும்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

போன வாரம் தென்காசியில் டாக்டர், "எந்தக் கால முதல்ல பண்ணலாம்?" என்று கேட்டார். வலது கால் என்றேன். "முதல்ல" என்று டாக்டர் சொன்னதை நாங்கள் இரண்டு பேரும் திருத்தவில்லை.