மீனுக்குப் போன மரியநேசன்

டொக்டர் பேரின்பநாதனைக் கண்டாலே திரேசாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். சண்டை மூளுமுன்பே விமானம் ஏறிவிட்ட மனுஷன். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதில்லை, சவர்க்காரம் இல்லாமல் பனம்பழம் போட்டு உடுப்புத் தோய்த்ததில்லை. அவர்தான் ஆண்டுதோறும் அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷன் ஊர் மண்டபத்தில் ‘கடல்தடை நினைவு விருந்து’ வைக்கிறார். சாப்பாடு என்னவென்றால் நண்டுக் கறியும் இறால் பொரியலும். கடலை வாசலில் வைத்துக்கொண்டு சம்பலோடு சோறு தின்ற சனத்தை நினைக்கிற லட்சணம் இது.

திரேசா யாழ்ப்பாணத்துக் கடற்கரைக் குருநகர்க்காரி. சண்டையில் இலங்கை நேவி கடலை மூடிய காலத்தில் வள்ளத்துக்கு மிசின் பூட்டக் கூடாது, கரையை விட்டுத் தள்ளிப் போகக் கூடாது. கரையோரம் வலை போட்டால் வருவது பாசிதான். அடுப்பில் ஏற்ற ஒன்றுமில்லாத ஒரு விடியலில் அவள் புருஷன் மரியநேசன் எல்லை தாண்டி வலை போட்டான். சுட்டுவிட்டார்கள். மகள் லக்சனா அப்போது கைக்குழந்தை. பிறகு அண்ணன் கூப்பிட்டு, மான்மவுத் ஜங்ஷனுக்குப் பக்கத்து ஊரான பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்து, டேகேரில் ஊரார் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டே மகளை பார்மசிஸ்ட் ஆக்கினாள்.

இந்த முறை லக்சனாவிடம் மரியநேசனின் படத்தை டொக்டர் கேட்டு வாங்கியிருந்தார். மேடையில் அது மாலையோடு நின்றது. கீழே ஒட்டிய அட்டையில் ‘மாவீரர் மரியநேசன்’ என்றிருந்தது. அந்தச் சொல் இயக்கத்தில் சேர்ந்து துவக்கு ஏந்திச் செத்தவர்களுக்கு உரியது. அதை எடுத்துவிடும்படி திரேசா டொக்டரிடம் கேட்டாள். அவர் குழந்தைக்குச் சொல்வதுபோல் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“தங்கச்சி, சும்மா கடலுக்குப் போனவர் எண்டு போட்டால் ஆர் ஃபீல் பண்ணுவினம்?”

செத்தும் மரியநேசன் இவர்களுக்குப் போதவில்லை. அதைவிடக் கொடுமை, “இட்ஸ் ஆன் ஆனர், அம்மா” என்று லக்சனாவும் சொன்னதுதான். தகப்பன் முகம் அறியாத பிள்ளைக்கு இந்தப் பொய்யே தகப்பனாகிவிடும் என்று திரேசா பயந்தாள்.

நேரே மேடையேறி டொக்டரின் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

“என்ர மனுசன் மீனுக்குப் போனவர். பசிக்குப் போனவர். அவரைச் சுட்டுப்போட்டு, அவர் இயக்கக்காரன் எண்டுதான் நேவி அண்டைக்கு றேடியோவில சொன்னவன். டொக்டர், நீங்களும் அதைத்தானே எழுதி ஒட்டியிருக்கிறியள்?”

லக்சனா எழுந்து மேடைக்குப் போய், படத்திலிருந்து அந்த அட்டையை உரித்தெடுத்தாள்.