கைக்கு ஒரு ஸ்டெபிலைசர்

என் வீட்டுக்காரர் கஜேந்திரனின் கை நடுங்குவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடமே சொன்னதில்லை. நாங்கள் இருப்பது இலங்கையில், மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். நான் பிள்ளைக் காம்பராவில் வேலைக்குப் போகிற அம்மாக்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். அவர் பன்னிரண்டு வருடமாகக் கவ்வாத்து மெஷின் பிடிக்கிறார். வளர்ந்துபோன தேயிலைச் செடியின் தலையை வெட்டி, புதிதாகத் துளிர்க்க விடுவதுதான் கவ்வாத்து. மெஷினை நிறுத்திய பிறகும் அது அவர் கைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் தேத்தண்ணி டம்ளரை வாங்கும்போது சிந்தும். அதனால் இரண்டு வருடமாகப் பாதி டம்ளர்தான் ஊற்றிக் கொடுக்கிறேன், அதைக் குடித்து முடித்ததும் மறு பாதி. ஏன் என்று அவர் கேட்டதில்லை.

இந்த மனிதருக்கு விமானப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வெட்டி முடித்த மலையில் மல்லாந்து படுத்துக்கொள்வார். பனி மூடிய நாளிலும் போவார். போனில் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி விமானம் ஊர்ந்து வருவதைப் பார்த்துவிட்டு, "இப்ப நமக்கு நேர் மேல கலா" என்பார். நானும் அண்ணாந்து பார்ப்பேன். வெறும் வெள்ளை. சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகும். ஆனாலும் அந்த வெள்ளைக்கு மேலே வெயில் அடிக்கிறது, அங்கே முந்நூறு பேர் காலை நீட்டி உட்கார்ந்து போகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு உடம்பே லேசாகிவிடும். சோறு வடிக்க வேண்டும் என்பதுகூட மறந்துபோகும்.

எங்கள் ஒரே மகள் மேனுஷா பதுளையில் ஒரு கிளினிக்கில் வேலை செய்தபோது அவருக்குப் பழைய கேமரா ஒன்று வாங்கித் தந்தாள். அதோடு வந்த லென்ஸில் விமானம் அரிசிக் குருணை மாதிரித்தான் விழும். அதற்காக அவர் குறைப்பட்டதில்லை. இந்த வருடம் மேனுஷாவுக்கு சிங்கப்பூரில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. வியாழக்கிழமை காலை விமானம். அந்த விமானம் பெரும்பாலும் எங்கள் மலைக்கு மேலாகத்தான் போகிறது என்பதை அவர் போனில் ஒரு மாதமாகப் பார்த்து வைத்திருந்தார். மகள் இருக்கும் விமானத்தைப் படம் பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. தவறவிட்டால் திரும்ப எடுக்க முடியாத படம்.

பதுளையில் கேமரா சாமான் விற்கும் நப்ரீஸ் நானாவிடம் போனோம். அவர் இரண்டு பழைய லென்ஸை எடுத்து வைத்தார். ஒன்று நானூறு மில்லிமீட்டர், நல்ல தூரம் பிடிக்கும், ஆனால் ஸ்டெபிலைசர் கிடையாது. மற்றது முந்நூறு, ஸ்டெபிலைசர் உண்டு. விலை இரண்டுக்கும் ஒன்றுதான். ஸ்டெபிலைசர் என்று கேட்டதுமே என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஸ்டெபிலைசர் என்றால் டிவிக்குக் கீழே இருக்கும் பெட்டி. கரண்ட் ஏறி இறங்கி ஆடும்போது டிவி எரிந்துபோகாமல் காப்பாற்றுவது. லென்ஸுக்கு எதற்குக் கரண்ட் பெட்டி என்று கேட்டார்.

நானாவும் சிரித்தார். கை ஆடினால் அந்த ஆட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக உள்ளே ஒரு கண்ணாடி நகர்ந்து படத்தை அசையாமல் பிடிக்குமாம். ஆனால் பகல் வெளிச்சத்தில் விமானம் எடுக்க அது தேவையே இல்லை, ஷட்டரை வேகமாக வைத்தால் ஆட்டம் படத்தில் விழ நேரமே இருக்காது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இது கலியாண வீட்டு இருட்டுல எடுக்கிறவங்களுக்கும், கை நடுங்குற ஆக்களுக்கும்தான்" என்றார்.

என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். நானூறையே கொடுக்கச் சொன்னார். பிடிக்காவிட்டால் இரண்டு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று நானா சொன்னது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு எடுத்த படங்கள் அபாரம். முந்தின நாள் மெஷின் பிடிக்காத கை. வால் நிறம்கூடத் தெரிந்தது. கவ்வாத்துக்காரர் காலை ஊன்றி, கையை ஆட்டாமல் இடுப்பைத் திருப்பித்தான் மெஷினை வீசுவார். விமானத்தையும் அவர் அப்படியே பின்தொடர்ந்தார். நானா சொன்னது சரி என்று அன்று முழுக்க ஒரே பெருமை.

வேலை நாளில்தான் குட்டு வெளிப்பட்டது. மெஷினை இறக்கி வைத்துவிட்டு எடுத்த நாற்பத்தேழு படங்களை நான் கேமராவில் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். வானம், வானம், வானம். ஒன்றில் மட்டும் மூலையில் ஒரு வால். கலங்கிய படம் ஒன்றுகூட இல்லை, வேகமான ஷட்டர் அதைப் பார்த்துக்கொண்டது. ஆனால் அவ்வளவு நீள லென்ஸில் கை துளி ஆடினாலும் விமானம் கேமராக் கண்ணுக்குள் நிற்காமல் வெளியே குதித்துவிடுகிறது. அதற்கு ஷட்டர் என்ன செய்யும்? கேட்டால் மேகம் மறைத்துவிட்டதாம். துடைத்து வைத்த மாதிரி நீலம், அதில் எங்கே மேகம்? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கஜேந்திரன் வெட்டினால் மலை மேசை மாதிரி இருக்கும் என்று தோட்டமே சொல்லும். அவர் கையைப் பார்த்து நான் எப்படிச் சொல்வேன்? கவ்வாத்துக் காலத்தில் ஒரு நாள் லீவு கிடைத்ததே பெரிது. முந்தின நாள் மெஷின் பிடித்த கையோடுதான் வியாழக்கிழமை கேமராவைத் தூக்க வேண்டும். மகளின் விமானமும் வெறும் வானமாகப் போய்விடும் என்று பயந்தேன்.

சனிக்கிழமை மேனுஷாவுக்குப் பயணப் பெட்டி வாங்கப் பதுளைக்குப் போனோம். பெட்டி விற்கும் கடைக்குப் போகாமல் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் நானாவின் கடைக்குள் ஏறினார். லென்ஸை மேசை மேல் வைத்தார். ஏதும் பழுதா என்று நானா கேட்டார்.

"லென்ஸ்ல ஒரு குறையும் இல்லீங்க நானா. என் கைதான் நடுங்குது. லயத்து கரண்ட் மாதிரி ஆகிருச்சு. அந்தப் பெட்டி உள்ளதையே குடுங்க" என்றார்.

நான் வெளியே போகிற பஸ்ஸைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். நானா சிரிக்கவில்லை. முந்நூறை எடுத்து அதிலிருந்த சின்ன சுவிட்சைக் காட்டினார். அதை இரண்டில் வைத்தால் பக்கவாட்டு வீச்சை விட்டுவிடும், மேலும் கீழும் ஆடுவதை மட்டும் பிடிக்கும் என்றார். இவருக்கு உடனே விளங்கிவிட்டது. இடுப்பை விட்டுவிடும், கையை மட்டும் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கு விளக்கம் வேறு.

வியாழக்கிழமை ஒன்பது மணிவரை பனி. பிறகு திரை விலகுகிற மாதிரி மெதுவாகப் பிரிந்தது. விமானத்தில் ஏறுமுன் மேனுஷா போன் செய்தாள். இடப்பக்க ஜன்னலாம், கை காட்டுகிறேன் என்றாள். அவ்வளவு உயரத்திலிருந்து கை காட்டுவதாவது. கட்டாயம் காட்டு என்றுதான் நானும் சொன்னேன்.

வெட்டிய செடிகளுக்கு நடுவே அவர் காலை ஊன்றி நின்றார். சத்தம் வருமுன்னே அது வந்துவிட்டது, வெள்ளையாக, அவசரமே இல்லாமல். அவர் இடுப்பு அதோடு திரும்பியது. எந்தப் பக்கம் இடப்பக்கம் என்று தெரியாமல் நான் இரண்டு கையையும் ஆட்டினேன். வெட்கமில்லாமல் அழுதேன். வானம் வெறுமையான பிறகும் அவர் கேமராவை இறக்கவில்லை.

முப்பத்திரண்டு படத்தில் பத்தொன்பதில் விமானம் இருந்தது. நானூறில் விழுந்ததைவிடச் சிறியதுதான், ஜன்னல் எதுவும் தெரியவில்லை. அவர் கேமராத் திரையில் விமானத்தின் இடது இறக்கைக்குப் பின்னால் விரலை வைத்து, "இங்கன இருக்கா" என்றார். விரல் கண்ணாடி மேல் நடுங்கியது. அவர் அதை மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சந்தோசத்தில் டம்ளர் நிறையத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டேன். இரண்டு கையாலும் வாங்கினார். சட்டை மேல் சிந்தியது.

"பாதியே ஊத்து கலா. ரெண்டு வருசமா அப்புடித்தானே ஊத்துற" என்றார்.

அவர் டம்ளரை வாங்கி, பாதியை என் டம்ளரில் ஊற்றிக்கொண்டேன்.