பித்தளைத் தகட்டில் தேய்ந்த எட்டு

காலை பத்து நாற்பது. குற்றாலத்தில் எங்கள் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். மகள் போன் செய்தாள்.

"அம்மா, புளியறை செக்போஸ்ட்ல நிறுத்திட்டாவ. திருட்டு வண்டின்னு சொல்லுதாவ. அப்பாவோட கார் ஃபைல எடுத்துட்டு ஒடனே வா."

அதோடு தொடர்பு அறுந்துபோனது.

கொல்லத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடுகிறார்கள் என்று இரண்டு நாள் முன்பு அப்பாவின் பழைய காரில் போனவள் அவள். என் கணவர் இறந்தபின் கார் அவள் பேரில்தான் இருக்கிறது. வழக்கு வந்தாலும் அவள் பேரில்தான் வரும். ஆட்டோவில் செங்கோட்டையைத் தாண்டும்வரை திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

செக்போஸ்டில் பெஞ்சு ஓரம் உட்கார்ந்திருந்தாள். சார்ஜ் தீர்ந்த போன் கையில். கார் பானெட் திறந்து கிடந்தது.

"வாங்கம்மா" என்றார் போலீஸ்காரர். "சேஸிஸ் நம்பர் ஆர்சி புக்குல எட்டுல முடியுது. வண்டியில மூணுல முடியுது. யாரு மாத்துனா?"

குனிந்து பார்த்தேன். பானெட்டுக்குள் நம்பர் பொறித்த பித்தளைத் தகடு. எட்டின் இடது பக்கம் மழுங்கிப்போய் மூன்றாக நின்றது.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் குத்துவிளக்கைத் துலக்கிய கையோடு, அதே புளி, அதே செங்கல் பொடியால் அந்தத் தகட்டையும் தேய்த்துச் சந்தனம் வைப்பேன். இருபது வருடமாக. "ஏட்டி, இது வண்டி, வெளக்கு இல்ல" என்று என் கணவர் ஒருமுறை சிரித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"நான்தான் தேய்ச்சேன். புளி போட்டு" என்றேன்.

பக்கத்தில் நின்ற கேரள லாரி டிரைவர் சிரித்துவிட்டார். "சேச்சி, நம்ம லாரியையும் ஒருக்க தேய்ச்சுக் குடுங்க."

மகள் சிரிக்கவில்லை. யாரோ தெரியாதவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"புளிக்கதைய எழுதிக்க முடியாதும்மா. மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் வந்து பாக்கட்டும். அதுவரை வண்டியும் பொண்ணும் இங்கனதான்" என்றார் போலீஸ்காரர்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வந்தவர் என் வயதுப் பெண். என் புளிக்கதையைக் கேட்டு, தகட்டைப் பார்த்துவிட்டு நேரே முன்சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்தார். அதே நம்பர் அடித்திருக்கும் அடிச்சட்டத்தில் ஒட்டியிருந்த சேற்றை ஈரத்துணியால் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். கறுப்புக்குள் எண்கள் வெள்ளையாக எழுந்தன. கடைசியில் எட்டு.

ஃபைலில், இன்சூரன்ஸுக்காக என் கணவர் எப்போதோ எடுத்த பென்சில் பிரிண்ட் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். இரண்டிலும் அந்த எட்டு ஒரே மாதிரி வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

"கம்பெனியில அடிச்ச நம்பர் இப்படிக் கோணலாவா இருக்கும், மேடம்?" என்றார் போலீஸ்காரர்.

"அந்தக் காலத்துல ஒவ்வொரு எண்ணா அச்ச வச்சு, ஆள் கையால சுத்தியல்ல அடிச்சது. தகட்டுல ஒண்ணு, சட்டத்துல ஒண்ணு. எல்லா எண்ணும் நேரா நின்னாத்தான் நான் சந்தேகப்படுவேன்."

பிறகு என்னிடம் திரும்பி, ஃபைலைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "திருட்டு வண்டி இல்லம்மா. கூட்டிட்டுப் போங்க. மக ஓட்டட்டும், நீங்க பக்கத்துல இருங்க. இனிமே அந்தத் தகட்டுக்குப் புளி வேண்டாம்."